முதலில் எதை மாற்றுவது?

இந்த வருடம் முதலாம் தவணையில் எமது கல்லூரியில் இல்லங்களுக்கிடையிலான தமிழ் விவாதப் போட்டி நடந்தது. எமக்குத் தரப்பட்ட தலைப்பு: “இலங்கை விமானப்படை தனது பழைய போர் விமானங்களுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கொள்வனவு செய்ய வேண்டும்.” சீட்டு எடுத்தபோது எமது இல்லத்துக்குக் கிடைத்தது ஆதரவுப் பக்கம். நான் இரண்டாவது பேச்சாளர்.

விமானம் என்றால் எனக்கு அதுவரை உம்ராவுக்குப் போகும் விமானமும், நானா கட்டாருக்கு வேலைக்குப் போன விமானமும்தான். இரண்டு வாரங்கள் உட்கார்ந்து படித்தேன். கிபிர், மிக், எப்-7 என்று பெயர்களை மனப்பாடம் செய்தேன். வான் எல்லை, இறைமை, தயார்நிலை என்று பெரிய சொற்களையெல்லாம் பாவித்தேன். நாங்கள் வென்றோம். நடுவராக இருந்த ஆசிரியை எனது புள்ளிவிபரங்களைப் பாராட்டினார்.

ஆனால் போட்டி முடிந்து வீட்டுக்குப் போகும்போது எனக்கு அந்த வெற்றி அவ்வளவு இனிக்கவில்லை. படிக்கப் படிக்க நான் அறிந்துகொண்ட விடயங்களில் பாதி, நான் பேசிய பக்கத்துக்கு எதிராகவே இருந்தன. அவற்றை நான் மேடையில் சொல்லவில்லை. எதிரணியினரும் கேட்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று வெள்ளவத்தையில் இருக்கும் எமது வீடு. மற்றது கொட்டாஞ்சேனையில் இருக்கும் உம்மம்மாவின் வீடு.

வெள்ளவத்தையில் நாங்கள் நான்காம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் நின்றால் ரயில் பாதையும் கடலும் தெரியும். பெப்ரவரி 4ஆம் திகதி சுதந்திர தினத்துக்கு முன்னைய நாட்களில் விமானப்படையின் ஒத்திகை நடக்கும். விமானங்கள் கடலோரமாகக் காலிமுகத்திடல் பக்கம் போகும்போது எங்கள் ஜன்னல் கண்ணாடி அதிரும். சின்ன வயதில் நானும் நானாவும் பல்கனிக்கு ஓடிப்போய்க் கை காட்டுவோம்.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஓர் அன்ரி இருக்கிறார். வன்னியில் பல வருடங்கள் வாழ்ந்து, யுத்தம் முடிந்த பிறகு கொழும்புக்கு வந்தவர். அந்தச் சத்தம் கேட்டால் அவர் பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவார். ஒரு தடவை நான் மாடிப்படியில் நின்று, “அன்ரி, அது ஒத்திகைதான், பயப்பட வேண்டாம்” என்றேன். “தெரியும் பிள்ளை. எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியுதில்லை” என்றார். வன்னியில் எந்த ஜெட் விமானம் வந்தாலும் அதற்குப் பெயர் கிபிர்தானாம். “கிபிர் வருது” என்றால் பிள்ளைகள் சோற்றுக் கோப்பையைப் போட்டுவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவார்களாம். ஒரு கம்பனி வைத்த விமானப் பெயர் அங்கே அச்சத்தின் பெயராகிவிட்டது.

கொட்டாஞ்சேனையில் உம்மம்மாவின் கதை வேறு. 2007 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு. பார்படோஸில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. இலங்கையும் அவுஸ்திரேலியாவும். எமது உறவினர்கள் எல்லோரும் உம்மம்மாவின் வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால். நள்ளிரவுக்குப் பின்னர் திடீரென்று கொழும்பு முழுவதும் மின்சாரம் நின்றது. மாமாமார் மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தபோது வானத்தில் நெருப்புக் கோடுகள். விடுதலைப் புலிகளின் சிறிய விமானங்கள் கொலன்னாவை, முத்துராஜவெல எரிபொருள் நிலையங்களின் மீது குண்டு போட வந்திருந்தன. கீழேயிருந்து படையினர் சுட்டார்கள். உம்மம்மா பிள்ளைகள் எல்லோரையும் மேசைக்குக் கீழே தள்ளிவிட்டு ஓதிக்கொண்டிருந்தாராம். நான் பிறப்பதற்கு முந்திய கதை இது. இன்றும் மின்சாரம் நின்றால் உம்மம்மா முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்.

ஆகவே விமானத்துக்குப் பயந்தவர்கள் வன்னியிலும் இருந்தார்கள், கொட்டாஞ்சேனையிலும் இருந்தார்கள். இந்த இரண்டு வீட்டையும் மறந்துவிட்டு, “எந்த விமானம் வேகம் கூடியது” என்று மட்டும் பேசுவது சரியில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

இனி விமானங்களுக்கு வருவோம். எமது விமானப்படை 1951 மார்ச் 2ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்டது. அப்போது அது அரச இலங்கை விமானப்படை. முதலில் பிரித்தானியப் பயிற்சி விமானங்கள். 1959இல் ஜெட் புரோவோஸ்ட், அதுவும் பிரித்தானியாவுடையது. 1971 கிளர்ச்சியின்போது சோவியத் யூனியனிலிருந்து மிக்-17. 1980களில் இத்தாலியின் மார்ச்செட்டி. 1991இல் சீனாவின் எப்-7. 1993இல் ஆர்ஜென்டினாவின் புகாரா. 1996இல் இஸ்ரேலின் கிபிர். 2000இல் உக்ரைனிலிருந்து மிக்-27. இவற்றோடு சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து செய்த கே-8 பயிற்சி விமானம். யாருடன் எப்போது நெருக்கமாக இருந்தோம், யார் எமக்கு விற்க மறுத்தார்கள், எப்போது அவசரப்பட்டோம் என்பதையெல்லாம் இந்தப் பட்டியலைப் பார்த்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

நான் படித்ததில் என்னை மிகவும் ஆச்சரியப்படுத்தியது இந்த விமானங்களின் குடும்பக் கதை. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும் பல விமானங்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். சீனாவின் எப்-7 என்பது சோவியத் மிக்-21இன் வழிவந்தது. 1960களின் தொடக்கத்தில் சீனா உரிமம் பெற்று அதைச் செய்யத் தொடங்கி, பின் பல வகைகளை உருவாக்கியது. எமக்கு வந்ததும் பங்களாதேஷுக்குப் போனதும் அந்த வகைகளில் சிலதான். மிக்-27 என்பது மிக்-23இலிருந்து தரைத் தாக்குதலுக்காக மாற்றப்பட்டது. கிபிரின் மூலம் பிரான்ஸின் மிராஜ். 1967இல் பிரான்ஸ் இஸ்ரேலுக்கு ஆயுதத் தடை விதித்தபோது, இஸ்ரேல் அந்த மிராஜின் வடிவத்தில் தானே விமானம் செய்து, பிறகு அதில் அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்தியது. அதுதான் கிபிர்.

இந்தக் குடும்பக் கதையில் ஒரு பாடம் இருக்கிறது. இயந்திரம் அமெரிக்காவுடையது என்பதால், 1977இல் இஸ்ரேல் எக்குவடோருக்குக் கிபிர் விற்கப் போனபோது அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டரின் அரசாங்கம் அதைத் தடுத்தது. விற்பவர் ஒருவர், அனுமதி தருபவர் இன்னொருவர். பாகிஸ்தானின் ஜேஎப்-17 விமானமும் அப்படித்தான். பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்கின்றன, இயந்திரம் ரஷ்யாவுடையது. 2016 அளவில் அதை இலங்கை வாங்கலாம் என்று பேசப்பட்டபோது இந்தியா விரும்பவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் கொள்வனவு நடக்கவில்லை. நாங்கள் வீட்டுக்கு ஒரு குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் கடைக்காரருடன் மட்டும் பேசினால் போதும். போர் விமானம் வாங்கினால் விற்பவர், இயந்திரம் தந்தவர், பக்கத்து நாட்டவர் எல்லோருடைய முகத்தையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு நாளைக்கல்ல, உதிரிப்பாகம் தேவைப்படும் முப்பது நாற்பது வருடங்களுக்கு.

இந்த இடத்தில் என் தோழியர் பலரின் மனதில் இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1970இல் இலங்கை இஸ்ரேலுடன் உறவை நிறுத்தியது. 1984இல் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவு ஒன்று திறக்கப்பட்டபோது முஸ்லிம்கள் எதிர்த்தார்கள். 1990இல் அது மூடப்பட்டது. முழு உறவு மீண்டும் ஏற்பட்டது 2000இல்தான். ஆனால் கிபிர் விமானங்கள் வந்ததோ 1996இல். தூதரகம் இல்லாத காலத்திலும் விமானம் வந்திருக்கிறது. காஸாவின் பிள்ளைகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும் எமக்கு அந்த ஒப்பந்தங்கள் வலிக்கத்தான் செய்யும். எனக்கும் வலிக்கிறது. ஆனாலும் எனது வாதத்தை நான் அந்த வலியின் மீது கட்டவில்லை. நாளைக்கு ஒரு முஸ்லிம் நாடு இதே விலைக்கு இதே மாதிரியான போர் விமானத்தை விற்க வந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். நியாயம் என்றால் விற்பவரைப் பார்த்து மாறக் கூடாது.

இப்போது விலையைப் பார்ப்போம். 2021 ஜூனில் எமது கிபிர்களில் ஐந்தைப் புதுப்பிக்க சுமார் 50 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் பற்றி இஸ்ரேலிய நிறுவனம் அறிவித்தது. அடுத்த வருடம் என்ன நடந்தது என்பது எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சை பிற்போடப்பட்டது, வினாத்தாள் அச்சடிக்கக் காகிதம் இல்லை என்று. அந்த மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. வாப்பா எரிவாயு வரிசையிலும் உம்மா மருந்துக் கடை வாசலிலும் நின்றார்கள். உம்மம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைக்காக நாங்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து தெஹிவளை வரை கடை கடையாக ஏறி இறங்கினோம். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த 50 மில்லியனால்தான் நாடு வங்குரோத்தானது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் காகிதம் வாங்கவும் டொலர் இல்லாமல் போகவிருந்த நாடு, போர் விமானத்தைப் புதுப்பிப்பதை எந்த வரிசையில் வைத்திருந்தது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

புதுப்பிக்காமல் புதிதாகவே வாங்கினால்? எம்மைப் போலவே கிபிர் வைத்திருந்த இன்னொரு நாடு கொலம்பியா. கடந்த நவம்பரில் அந்த நாடு தனது கிபிர்களுக்குப் பதிலாக சுவீடனின் கிரிபென் விமானங்கள் 17ஐ வாங்க ஒப்பந்தம் செய்தது. விலை 3.1 பில்லியன் யூரோ. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் நான்கு வருடங்களுக்கு எமக்குத் தர உடன்பட்ட முழுத் தொகையும் சுமார் 3 பில்லியன் டொலர். அதாவது 17 விமானங்களின் விலை, எமது முழு நாட்டையும் மீட்க வந்த கடனைவிட அதிகம். விவாத மேடையில் நான் “புதிய விமானம் வேண்டும்” என்று உரத்துச் சொன்னபோது இந்தக் கணக்கு எனது கையிலிருந்த அட்டையில் எழுதப்பட்டிருந்தது. நான் அதை வாசிக்கவில்லை.

பழைய விமானத்தை அப்படியே பறக்கவிடலாமா? அதுவும் முடியாது. கடந்த 2025 ஜூலை 21ஆம் திகதி டாக்காவில் பங்களாதேஷ் விமானப்படையின் எப்-7 வகை விமானம் ஒன்று மைல்ஸ்டோன் என்ற பாடசாலையின் மீது விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானோர் சிறு பிள்ளைகள். பிள்ளைகளை வெளியே எடுத்து எடுத்து அனுப்பிய ஓர் ஆசிரியை தீக்காயங்களால் இறந்துபோனார். அந்தச் செய்தியை நான் பாடசாலை வேனில் வாசித்தேன். அந்த விமானம் பயிற்சியில் இருந்தது, யாரோடும் யுத்தம் செய்யவில்லை. அதன் மூத்த குடும்பமான மிக்-21ஐ இந்தியா இரண்டு மாதங்களுக்குப் பிறகு, செப்டெம்பர் 26ஆம் திகதி, சண்டிகாரில் விழா வைத்து வழியனுப்பியது. மிக்-27ஐ இந்தியா 2019 டிசம்பரிலேயே நிறுத்திவிட்டது. எமக்கும் இந்த வலி புதிதல்ல. 2011 மார்ச் 1ஆம் திகதி, விமானப்படையின் 60ஆவது வருட நிறைவுக்கான ஒத்திகையிலிருந்து திரும்பிய இரண்டு கிபிர்கள் வானத்தில் மோதி யக்கல பகுதியில் விழுந்தன. ஒரு விமானி இறந்தார். விழாவுக்காகப் பறந்து ஓர் உயிர் போனது.

அப்படியென்றால் பழையதையும் வைத்திருக்க முடியாது, புதியதையும் வாங்க முடியாது. எதைத்தான் செய்வது? இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது புத்தகத்திலிருந்தல்ல. கம்பளையிலிருந்து.

உம்மாவின் தங்கை, எனது சாச்சி, கம்பளையில் இருக்கிறார். கடந்த நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி பெருகி நகரத்துக்குள் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் சாச்சியின் கடைசி அழைப்பு: “தண்ணி கடைக்குள்ள வந்துட்டு, நாங்க மேல ஏறுறோம்.” அதன் பிறகு மூன்று நாட்கள் தொலைபேசி இல்லை. பாதைகள் மண்சரிவில் மூடிக்கிடந்தன. உம்மா முஸல்லாவை மடிக்கவேயில்லை. பக்கத்து வீட்டு இளைஞர்கள் கயிறு கட்டித்தான் சாச்சியின் பிள்ளைகளை உயரமான மாடிக்கு எடுத்திருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. அல்ஹம்துலில்லாஹ், எல்லோரும் பிழைத்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்டோர் நாடு முழுவதிலும் பிழைக்கவில்லை.

அந்த மூன்று நாட்களும் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி: “ஹெலிகொப்டர் போகுமா?” கிபிர் போகுமா என்று எவரும் கேட்கவில்லை.

ஹெலிகொப்டர்கள் போயின. எமது விமானப்படையினர் இரவு பகலாக உழைத்தார்கள். போதாததால் இந்தியாவின் ஹெலிகொப்டர்களும் வந்தன. அந்தப் பணியில் இருந்தபோது நவம்பர் 30ஆம் திகதி எமது பெல் 212 ஒன்று லுணுவிலவில் விழுந்தது. அதன் விமானி உயிரிழந்தார். அதே வருடம் மே 9ஆம் திகதி இன்னொரு பெல் 212 மாதுரு ஓயா நீர்த்தேக்கத்தில் விழுந்து படையினர் ஆறு பேர் இறந்திருந்தார்கள்.

பெல் 212 முதன்முதலில் பறந்தது 1968இல். உற்பத்தி நிறுத்தப்பட்டது 1998இல். அதாவது நானும் எனது வகுப்புத் தோழிகளும் பிறப்பதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே. இந்த விபத்துகளுக்கு வயதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது விசாரணை செய்பவர்களின் வேலை. ஆனால் எங்களைக் காப்பாற்ற வருகிறவர்கள் எங்கள் பெற்றோரின் வயதுடைய இயந்திரத்தில் வருகிறார்கள் என்றால், பதிலீடு செய்ய வேண்டிய பட்டியலில் முதல் வரி அதுதான் என்று சொல்வதற்கு நிபுணராக இருக்கத் தேவையில்லை.

2021 மே மாதத்தையும் நினைத்துப் பாருங்கள். எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக் கடலில் எரிந்தபோது உம்மம்மாவின் மொட்டை மாடியிலிருந்து புகை தெரிந்தது. வெள்ளவத்தைக் கடற்கரையில் வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டிக் மணிகள். அந்தத் தீயின் மேலே இரசாயனத் தூள் போடப் போனதும் ஒரு பெல் 212தான். எமது தீவின் நிலப்பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். எமக்குரிய கடல் அதைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்தக் கடலைப் பார்த்துக்கொள்ள மெதுவாக, நீண்ட நேரம் பறக்கும் கண்காணிப்பு விமானங்கள் வேண்டும். 2022 ஆகஸ்டில் இந்தியா ஒரு டோர்னியர் விமானத்தைத் தந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா 19 மில்லியன் டொலர் பெறுமதியான கிங் எயார் விமானம் ஒன்றைத் தந்தது. மிகத் தேவையானது எமக்கு அன்பளிப்பாக வருகிறது. அவ்வளவு தேவையில்லாததைப் பணம் கொடுத்துப் புதுப்பிக்கிறோம். இந்த வரிசைதான் எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். நானே அதைச் சொல்லித்தான் வென்றேன். “2007இல் புலிகளின் விமானம் வந்தபோது எமக்குத் தடுக்க வழியிருக்கவில்லை. மறுபடியும் அப்படி வந்தால்?” இது உம்மம்மாவின் பயம். இதை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் வந்தவை செக் நாட்டில் செய்யப்பட்ட, நான்கு பேர் இருக்கக்கூடிய சிறிய ஸ்லின் விமானங்கள். அவற்றைப் பிடிக்க 2008இல் சீனாவிலிருந்து எப்-7ஜி கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் செப்டெம்பரில் ஒன்றைச் சுட்டுவீழ்த்தியதாக விமானப்படை அறிவித்தது. இருந்தும் 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு அவை மீண்டும் கொழும்பு வரை வந்தன. ஒன்று உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. மற்றது கட்டுநாயக்க பக்கம் தரையிலிருந்து சுடப்பட்டு வீழ்ந்தது. தாழ்வாக, மெதுவாக வருவதைக் கண்டுபிடிக்க ராடரும் தரைப் பாதுகாப்பும் முதலில் வேண்டும். இன்றைய ஆளில்லா விமானங்களுக்கும் அதே கதைதான். 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்கவில் இரண்டு கிபிர்களும் ஒரு மிக்-27உம் உட்பட எட்டு இராணுவ விமானங்கள் அழிந்தன. அவற்றை அழித்தவர்கள் வானத்தால் வரவில்லை, வேலி வழியாக வந்தார்கள்.

இரண்டாவது எதிர்வாதம்: போர் விமானம் ஓட்டும் திறமை ஒருமுறை போனால் திரும்பி வராது. இது உண்மையான வாதம். நியூசிலாந்து 28 எப்-16 விமானங்களைப் பெறும் ஒப்பந்தத்தை 2000இல் இரத்துச் செய்து, 2001 முடிவில் தனது போர் விமான அணிகளையே கலைத்துவிட்டது. அதற்கு அங்கே இன்றும் விமர்சனம் இருக்கிறது. ஆனால் அந்த நாடு மிச்சப் பணத்தைக் கொண்டு கடல் கண்காணிப்பு, போக்குவரத்து, மீட்பு விமானங்களைக் கைவிடாமல் புதுப்பித்து வந்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 2005இல் தனது எப்-5களை நிறுத்திவிட்டு, பத்து வருடங்கள் போர் ஜெட் இல்லாமலே இருந்து, வசதி வந்த பிறகு 2015 முதல் தென்கொரியாவின் எப்ஏ-50 விமானங்களைப் பெற்றது. இடையில் அந்த நாடு அழிந்துவிடவில்லை. எமக்குக் கே-8 இருக்கிறது. அதைக்கொண்டு எமது விமானிகளின் பயிற்சியைக் காப்பாற்றிக்கொண்டு, கடன் இறங்கும் வரை பொறுத்திருப்பது கோழைத்தனமாகாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இது எதிர்வாதமல்ல, எச்சரிக்கை. 2006இல் உக்ரைனிலிருந்து நான்கு மிக்-27 விமானங்களை வாங்கவும், இருந்தவற்றைத் திருத்தவும் 14 மில்லியன் டொலருக்கு மேல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் என்று சொல்லப்பட்டதில் பணம் ஏன் இன்னொரு நிறுவனத்துக்குப் போனது என்ற கேள்வி எழுந்தது. சண்டே டைம்ஸில் இக்பால் அத்தாஸ் எழுதினார். சண்டே லீடரில் அதன் ஆசிரியர் லசந்த விக்ரமதுங்க எழுதினார். லசந்த 2009 ஜனவரி 8ஆம் திகதி காலையில் நடுவீதியில் தாக்கப்பட்டு இறந்தார். அவரை ஏன் கொன்றார்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. நீதிமன்றங்கள் சொல்ல வேண்டும். ஆனால் விமானக் கொள்வனவைப் பற்றிக் கேள்வி கேட்பது ஒரு காலத்தில் எவ்வளவு ஆபத்தாக இருந்தது என்பதை எமது தலைமுறை அறிந்திருக்க வேண்டும். பொதுப்பணம் அமானிதம் என்று மார்க்க வகுப்பில் எமக்குச் சொல்லித் தருகிறார்கள். அமானிதத்துக்குக் கணக்குக் கேட்பது தேசத்துரோகமாக முடியாது.

ஆகவே எனது கோரிக்கை மூன்றே மூன்று. ஒன்று: மக்களைத் தூக்கிவரும் ஹெலிகொப்டர்களும் கடலைக் காக்கும் விமானங்களும் முதலில், போர் ஜெட்கள் கடைசியில் என்று பதிலீட்டு வரிசையை அரசாங்கம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இரண்டு: எந்த விமானத்தை வாங்கினாலும் அதன் விலையை மட்டும் சொல்லாமல், அதை முப்பது வருடங்கள் பறக்கவிட ஆகும் செலவையும் பாராளுமன்றத்துக்குச் சொல்ல வேண்டும். மூன்று: அந்த விபரங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எங்கள் உம்மாமாருக்கும் விளங்கும் விதமாக வெளிவர வேண்டும்.

இதை எழுதிய பிறகு வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “மகள், இதெல்லாம் பெரிய ஆட்களின் விடயம். நீ சோதனைக்குப் படி” என்றார். படிக்கத்தான் செய்கிறேன். ஆனால் அடுத்த வருடம் எனக்கு 18 வயது. வாக்காளர் இடாப்பில் பெயர் வரும். இன்று கையெழுத்தாகும் ஒப்பந்தத்தின் கடனை நாற்பது வயது வரை கட்டப்போவது எனது வகுப்புதான். அப்போது மட்டும் இது எங்களுடைய விடயமாகுமா என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுக் கட்டுரையை இன்னொரு தடவை வாசித்தார்.

பெற்றோரே, தோழியரே, நீங்களும் உடன்பட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அடுத்த தடவை போர் விமானம் ஒன்றைப் பற்றிய செய்தி வந்தால் அதன் வேகத்தையும் விலையையும் வாசித்த பிறகு இன்னொரு கேள்வியையும் வீட்டில் கேளுங்கள்: அன்று கம்பளையில் தண்ணீர் ஏறியபோது இது அங்கே போயிருக்குமா?

– க.பொ.த. உயர்தரம், கலைப் பிரிவு